சாய்ந்த சிறகும் மறு வரவும்: ரெட்ரோ கூடைப்பந்து ஷூக்களின் தரம் பற்றிய ஒரு வழக்கு

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தபோது, எங்களோடு ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர் அன்று கூரியரில் வந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நைக்கி நிறுவனத்தின் ஏர் ஜோர்டன் 1 கூடைப்பந்து ஷூ ஜோடி ஒன்று இருந்தது. இடது ஷூவின் கணுக்கால் பட்டையில் பதித்திருந்த சிறகு முத்திரை நேராக நின்றது. வலது ஷூவில் அதுவே பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. குதிகால் ஓரத்தில் பசை வழிந்து காய்ந்த தடமும் தெரிந்தது. டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதை மாத்தித் தருவாங்களா?” என்று கேட்டார். ஆன்லைன் குலுக்கலில் பெயர் விழுந்து, பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய ஜோடி அது. அவர் அளவில் வேறு ஜோடி விற்பவரிடம் இல்லை என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. பழைய கூடைப்பந்து ஷூக்களின் மறுபதிப்புகளைச் சேகரிப்பவர்கள் எங்கே கூடினாலும் இரண்டு வழக்குகள் எழுகின்றன. முதலாவது தரம் பற்றியது: முன்பு இருந்த தோல் இப்போது இல்லை, தையல் நேராக இல்லை, வண்ணம் உரிகிறது. இரண்டாவது ரீஸ்டாக் எனப்படும் மறு வரவு பற்றியது: குறைவாக வந்து மறைந்த ஒரு மாதிரியைத் திரும்பவும் கடைக்குக் கொண்டு வருவது நியாயமா, அல்லது முன்பே அதிக விலை கொடுத்து வாங்கியவனுக்குச் செய்யும் துரோகமா? இவை இரண்டும் தனித்தனி வழக்குகள் என்றுதான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு இவை ஒரே வழக்கின் இரண்டு முகங்களாகவே தெரிகின்றன. குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வாங்குபவரிடம் இருக்கிறதா என்பதே இரண்டுக்கும் அடியில் உள்ள கேள்வி.

ரெட்ரோ என்பது ஒரு காலத்தில் ஆடுகளத்துக்காக வெளிவந்த ஷூவை, பல ஆண்டுகளுக்குப் பிறகு பெரும்பாலும் அதே வடிவில், அதே நிறங்களில் மறுபடி வெளியிடுவது. இந்தப் பழக்கம் தோல்வியில்தான் தொடங்கியது என்பதை இன்றைய இளைஞர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இந்த ஷூக்களுக்குப் பெயர் தந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் 1993 அக்டோபரில் முதல் முறையாக ஓய்வு பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு, பீட்டர் மூர் வடிவமைத்து 1985இல் வெளிவந்த ஏர் ஜோர்டன் 1 மறுபடி விற்பனைக்கு வந்தது. அன்று அதை வாங்க ஆளில்லை. ஜோடிகள் தள்ளுபடி அலமாரிகளுக்குப் போயின. ஒன்பது ஆண்டுகளே ஆன ஒரு பொருளுக்கு ஏக்கம் பிறப்பதற்குள் அதைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு காலம் மாறியது. 2011 டிசம்பரில் ஏர் ஜோர்டன் 11இன் ‘கான்கார்ட்’ மறுபதிப்பு வந்தபோது அமெரிக்கா முழுவதும் வணிக வளாகங்களில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், சியாட்டில் நகரின் புறநகர்ப் பகுதியொன்றில் காவல்துறை மிளகுத் தெளிப்பான் பயன்படுத்தும் நிலை வந்தது. தள்ளுபடி அலமாரியிலிருந்து அடிதடிக்கு வர 17 ஆண்டுகள் ஆயின.

அடிதடி நடக்கும் இடத்தில் தரத்தை யாரும் சோதிப்பதில்லை. கிடைத்தால் போதும் என்று நிற்பவர் தையலை எண்ணமாட்டார். ஆனாலும் குறைகள் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தன. 2010க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்த மறுபதிப்புகளின் விறைப்பான தோல், கனமான பூச்சு, மூலத்திலிருந்து விலகிய முன்பக்க வடிவம் ஆகியவற்றைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் சலிக்காமல் முறையிட்டார்கள். இந்த ஷூக்களை வெளியிடும் நைக்கியின் பிரிவான ஜோர்டன் பிராண்ட் 2014இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2015 முதல் வரும் ரெட்ரோக்கள் ‘ரீமாஸ்டர்டு’ என்ற பெயரில் மேம்பட்ட பொருள்களோடும் மூல வடிவத்துக்கு நெருக்கமாகவும் இருக்கும். விலையும் கூடவே ஏறியது. நிறுவனம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மேம்படுத்துகிறோம் என்று சொல்வதே முன்பிருந்ததில் குறை இருந்தது என்பதற்குச் சாட்சி. வாங்குபவர்களின் முணுமுணுப்புக்கும் பலன் உண்டு என்பதற்கு இதை நான் நண்பர்களிடம் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன்.

இனி, சாய்ந்த சிறகு எப்படித் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு ஷூ பல கைகளைக் கடந்துதான் உருவாகிறது. தோலை அச்சு வைத்து வெட்டுவார்கள். ஒரே தோலிலும் முதுகுப் பக்கம் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் இருக்கும் என்பதால், எந்தத் துண்டு எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதிலேயே பின்னாளில் விழப்போகும் சுருக்கம் தீர்மானமாகிவிடுகிறது. துண்டுகளைத் தைத்து மேல்பாகம் ஆக்கிய பிறகு, பாத வடிவில் செய்த லாஸ்ட் என்னும் கட்டையின் மேல் அதை இழுத்துப் பொருத்துவார்கள். இழுப்பு ஓர் இம்மி கூடினாலும் குறைந்தாலும் முத்திரை சாயும், இடமும் வலமும் வேறுபடும். பிறகு பசை, வெப்பம், அழுத்தம். இவை ஒவ்வொன்றையும் ஒரு தொழிலாளி குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்து அடுத்தவருக்குத் தள்ளியாக வேண்டும்.

இறுதியில் சோதனை வருகிறது. ஒவ்வொரு சரக்குத் தொகுதியையும் முழுமையாகப் பிரித்து மிக நுணுக்கமாகச் சோதிப்பது வணிகத்தில் நடைமுறை அன்று. மாதிரி எடுத்துப் பார்ப்பதே வழக்கம். அதற்கு ஐஎஸ்ஓ 2859 என்ற உலகத் தரநிலையில் அட்டவணைகள் இருக்கின்றன. 5,000 ஜோடி கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சோதனை நிலையில் அதிலிருந்து 200 ஜோடிகளை எடுக்க வேண்டும். பெரிய குறைகளுக்கு ஏற்கத்தக்க வரம்பு 2.5 என்று வைத்தால், அந்த 200இல் 10 வரை குறையுள்ளவை இருக்கலாம், தொகுதி தேறிவிடும். 11 ஆனால் திரும்பும். சிறு குறைகளுக்கு வரம்பு 4 என்று வைத்தால் 14 வரை அனுமதி. எந்த வரம்பைத் தேர்வது என்பது வாங்கும் நிறுவனத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான ஒப்பந்தம். நூற்றுக்குச் சில ஜோடிகள் குறையோடு வெளியே வரும் என்பது முன்கூட்டியே கணக்கில் எடுக்கப்பட்ட ஒன்று என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சோதிப்பவருக்குப் பெரிய குறை என்றால் சோல் பிரிவது, ஆணி அல்லது கூர்முனை நீட்டிக்கொண்டிருப்பது, இரு காலுக்கும் அளவு மாறுவது போன்றவை. சாய்ந்த சிறகும் பசைத் தடமும் அவர் பார்வையில் சிறு குறைகளே. அணிந்து நடக்க அவை தடையில்லை. சேகரிப்பாளரின் வரிசை இதற்கு நேர் எதிர். ஏர் ஜோர்டன் 3இன் முனையில் ஓடும் யானைத்தோல் வடிவ அச்சு இரண்டு கால்களிலும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று அவர் பார்ப்பார். ஏர் ஜோர்டன் 11இன் பளபளக்கும் தோல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளப்பார். ஒருவர் காலுக்குச் செய்கிறார். மற்றவர் கண்ணுக்கு வாங்குகிறார். இரு தரப்பிலும் பொய் இல்லை. ஆனால் கண்ணுக்காகவே கூடுதல் விலை வைத்து, மூலத்தின் ஒவ்வொரு கோட்டையும் மீட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்து விற்கும் நிறுவனம், கண்ணுக்குத் தெரியும் குறையைச் சிறு குறை என்று ஒதுக்குவது முறையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

விவாதத்தில் சிலர் எளிதாகச் சொல்லிவிடும் ஒரு வாக்கியம் உண்டு: “ஆசியாவில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. நைக்கி பெயரில் வரும் காலணிகளில் ஏறக்குறையப் பாதி வியட்நாமிலும், அடுத்த பெரும் பங்கு இந்தோனேசியாவிலும் செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டிலேயே திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில், தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலைகள் அந்நிறுவனத்துக்காகக் காலணி தயாரிக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டார ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து போகும் பெண்கள். மிக நுணுக்கமான மாதிரியும் மிகச் சாதாரண மாதிரியும் இத்தகைய கைகளிலிருந்தே வெளிவருகின்றன. கைகள் ஒன்றே, கொடுக்கப்படும் தோல், நேரம், வரம்பு ஆகியவைதான் வேறு. குற்றத்தை அந்தக் கைகளின் மேல் ஏற்றுவது தவறான முகவரிக்கு எழுதிய புகார்.

குறை என்பதற்கு எங்கள் ஊரிலேயே வேறொரு பாடம் இருக்கிறது. மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராட்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவரும் முறையில், துணியை நூலால் சின்னஞ்சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். கையால் கட்டியது என்பதால் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இராது, அந்த ஒழுங்கின்மையே அசல் என்பதற்கு அடையாளம். அச்சிட்ட சுங்குடியில் புள்ளிகள் அணிவகுப்புப் போல நிற்கும். விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போகும் எங்கள் வீட்டுப் பெண்கள் பத்துச் சேலையைப் பிரித்துப் பார்த்து, கரையை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஒன்றை எடுப்பார்கள். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் மடித்து வைப்பார். ஒழுங்கின்மை அழகா, குறையா என்பதை அங்கே வாங்குபவரின் கை தீர்மானிக்கிறது. குலுக்கலில் ஷூ வாங்குபவருக்கு அந்தக் கை இல்லை.

ஷூ உலகிலும் ஒழுங்கின்மையை அசலின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபர்ஸ்ட் காப்பி என்று இங்கே புழங்கும் போலிகளில் சில, அசலைவிடச் சீரான தையலோடு வருகின்றன. சந்தேகம் வந்தால் பெட்டியின் லேபிள், உள்தையல், பசையின் வாடை என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. அசல் கோணலாகவும் போலி நேராகவும் இருக்கும் நிலையை, காசு சேர்த்து அசலையே வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் ஒரு மாணவரிடம் விளக்குவது கடினம். 2022 நவம்பரில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற பெயரில் வந்த ஏர் ஜோர்டன் 1 இந்தக் குழப்பத்தை இன்னும் ஆழமாக்கியது: கணுக்கால் பட்டையில் வெடிப்பு, பழுப்பேறிய நடுச்சோல், பொருந்தாத பெட்டி மூடி என எல்லாமே வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டவை. அந்த ஜோடியின் விரிசல்களில் எது திட்டமிட்டது, எது தொழிற்சாலைக் கவனக்குறைவு என்று நாங்கள் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம்.

தரம் பற்றிய பேச்சில் பலரும் கலந்துவிடும் வேறொரு சங்கதியைப் பிரித்தெடுக்க வேண்டும். அது காலத்தால் வரும் அழிவு. என் நண்பர் ஒருவர் 2012இல் வெளியான ஏர் ஜோர்டன் 4 ஜோடி ஒன்றை, ஒருமுறையும் அணியாதது என்ற உறுதியோடு மறுவிற்பனையில் வாங்கினார். அடுத்த ஆண்டு கோரிப்பாளையம் சிக்னலில் சாலையைக் கடக்கும்போது, நடுச்சோல் ரொட்டித் துண்டுபோல உதிர்ந்து கையோடு வந்தது. தெருவோரம் காலணி தைப்பவரிடம் கொண்டு போனோம். அவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “சொல்யூஷன் பிடிக்க இதுல ஒண்ணும் இல்லையேப்பா” என்றார். அவர் சொன்னதில் முழு வேதியியலும் அடங்கியிருக்கிறது. 1988இன் ஏர் ஜோர்டன் 3, 1989இன் ஏர் ஜோர்டன் 4 போன்றவற்றின் நடுச்சோல் பாலியூரிதேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. அதன் பாலியெஸ்டர் வகையில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உடைக்கிறது. நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தது இதுதான். வெப்பம் அதை வேகப்படுத்தும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நுரை தன் பிடிப்பை இழந்து பொடியாகிறது. ரப்பர் அடிப்பாகத்தைச் சுற்றித் தைத்திருக்கும் ஏர் ஜோர்டன் 1 இப்படி உதிர்வதில்லை.

ஆகவே அணியாமல் பெட்டியிலேயே வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை பாலியூரிதேன் சோலுக்குப் பொருந்தாது. மதுரையில் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பரணில் வைத்த பெட்டிக்குள் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்தால் அழிவு இன்னும் விரைவாகும். கீழ்த்தளத்தில், நிழலான அலமாரியில், காற்றுப் புழங்கும்படி வைப்பதே நல்லது. பாலித்தீன் உறையில் இறுகச் சுற்றும்போது உள்ளே ஈரம் இருந்தால் அது அங்கேயே தங்கிவிடும். ஒளி ஊடுருவும் ரப்பர் சோல் மஞ்சளாவதும் காற்றும் வெளிச்சமும் செய்யும் வேலைதான். இவற்றைத் தொழிற்சாலையின் தரக் குறைவு என்று சொல்வது சரியன்று. ஆனால் பத்தாண்டு கடந்த ஜோடியைப் புதியது என்று சொல்லி விற்பவர் இந்த உண்மையை மறைக்கக் கூடாது.

மறு வரவு தேவை என்று நான் வாதிடுவதற்கு இதுவே முதல் காரணம். உதிரும் தன்மை கொண்ட ஒரு பொருளுக்கு மறுபதிப்பு வந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த வடிவம் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டுமே எஞ்சும். எதிர்த்தரப்பின் வாதத்தையும் நான் இலேசாக எண்ணவில்லை. குறைந்த எண்ணிக்கையில் வரும் என்று நம்பி, மறுவிற்பனையில் இரு மடங்கு கொடுத்தவருக்கு, ஆறு மாதத்தில் அதே ஜோடி கடை விலைக்குக் குவிந்தால் வலிக்கத்தான் செய்யும். 1985இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் நிறங்களில் பிறந்த டங்க் என்னும் நைக்கி மாதிரியில், 2021இல் வந்த கறுப்பு வெள்ளை ‘பாண்டா’ ஜோடிக்கு இதுதான் நேர்ந்தது. திரும்பத் திரும்ப வரவு வைத்ததில் மறுவிற்பனை விலை சரிந்து, ஒரு காலத்தில் தேடி அலைந்த ஜோடி தெருவுக்குத் தெரு காணக் கிடைத்தது. 2024இல் நைக்கி நிறுவனமே ஏர் ஃபோர்ஸ் 1, டங்க், ஏர் ஜோர்டன் 1 ஆகிய மூன்றின் வரத்தைக் குறைத்துச் சந்தையைச் சீர்செய்வதாக அறிவித்தது.

அப்படிக் குவிந்த காலத்தில்தான் தரம் பற்றிய புகார்கள் உரக்கக் கேட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை கூடியதால் தரம் குறைந்தது என்று சிலர் அதை விளக்குகிறார்கள். அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் கிடைப்பதே அரிது என்றிருந்தபோது குறையை விழுங்கிக்கொண்டவர், அலமாரியில் ஜோடிகள் நிறைந்திருக்கும்போது அதைச் சுட்டிக்காட்டத் துணிகிறார் என்பதும் உண்மை. பஞ்ச காலத்தில் சோற்றில் கல் பார்ப்பவர் யார்?

இந்தியாவில் இந்த வழக்கோடு அரசின் கையும் சேர்ந்திருக்கிறது. காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2023 ஜூலை 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்ற ஆலையில் செய்த காலணிகளையே இங்கே விற்க முடியும். வெளிநாட்டு ஆலைக்கும் இது பொருந்தும். அங்கே தரம் என்பது சோல் பிடிப்பு, வளைந்து நிமிரும் திறன், தேய்மானம் ஆகியவை. சிறகு நேராக இருக்க வேண்டும் என்று எந்த ஆணையும் சொல்லாது. ஆனால் உரிமம் இல்லாத ஆலையில் உருவான மாதிரி இங்கே வர இயலாமல் போவதால், ஒரு வரவு வெளிநாட்டில் நிறைந்திருக்கும்போதும் இந்தியாவில் இல்லாமல் போகலாம். காலணிக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் நூற்றுக்கு 25இலிருந்து 35 ஆனதும் விலையில் தெரிந்தது. எங்கள் வட்டத்தில் பல ஜோடிகள் சிங்கப்பூரிலிருந்து வரும் மாமா, துபாயிலிருந்து விடுப்பில் வரும் அண்ணன் ஆகியோரின் பெட்டிகளில் வந்தவை. கடல் தாண்டி வந்த ஜோடியில் பசைத் தடம் இருந்தால் அதை எந்தக் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுப்பது?

உள்நாட்டில் வாங்குபவருக்குச் சட்டம் துணை நிற்கிறது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். டெல்லிக்காரர் அனுப்பிய பெட்டிக்கு மதுரையில் வழக்கு உண்டு. பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்து வைப்பது அதற்குப் பெரிதும் உதவும்.

நம் மாணவரும் எழுதிக் கேட்டார். இரண்டு வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது, ஷூ வரவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பணம் அன்று. மாசி மாதம் அதே நிறத்தில் மறு வரவு வந்ததாகக் கேள்விப்பட்டு, இரவு ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனார். முதல் முறையாக ஒரு கடையில் நின்று, தம் அளவில் இரண்டு பெட்டிகளைத் திறந்து அருகருகே வைத்துப் பார்த்தாராம். ஒன்றில் இடது சிறகு இலேசாகச் சாய்ந்திருந்தது. மற்றொன்றில் இரண்டும் நேராக இருந்தன. நேரானதை எடுத்துக்கொண்டார். சாய்ந்த ஜோடியைக் கடைப் பையன் தாளில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, அலமாரியில் அதன் இடத்திலேயே திரும்பச் செருகினார்.